இருபத்தஞ்சாவது ஆட்சி

தலைவர் கையெழுத்து வேணும்னு வாட்ச்மேன் காளியப்பன் இங்க அனுப்பிச்சானாக்கும்? உக்காருங்க தம்பி. தலைவர் வர இன்னும் அரை மணி ஆகும். ஃபாரத்தை மடிக்காதீங்க, மடிச்சா நம்பர் தெரியாது. மேல வலது பக்கம் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குதல்லங்க, அதுதான் முக்கியம். உங்க பேரு கூட அப்புறந்தான்.

வாடகைக்கு வர்றீங்க, இங்க நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றது நல்லது. வேற யாரும் நேராச் சொல்ல மாட்டாங்க. நான் சென்னியப்பன். சி பிளாக்கு. மில்லுல முப்பத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவன். இந்த அடுக்ககத்துக்கு முதல் ஆட்சித் தலைவர் நான்தான். எனக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாதுங்க. அதை முதல்லயே சொல்லிர்றேன்.

அஞ்சு பிளாக்கு, நூத்தி அறுபது குடும்பம். முந்தியெல்லாம் வருஷா வருஷம் தலைவர் தேர்தல் வைப்பாங்க. நாற்காலி பறக்கும். தலைவர் ஊருக்குப் போயிட்டா மோட்டார் ரிப்பேருக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியாது. ஆளாளுக்கு ஒரு உத்தரவு போடுவாங்க. காளியப்பன் பாவம், ஒருத்தர் வால்வைத் திறங்கறாரு, ஒருத்தர் மூடுங்கறாரு, அவன் பாதி திறந்து வெச்சிருவான்.

அப்பத்தான் பி பிளாக்குல பவதாரிணின்னு ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் கம்பெனில வேலை, அது ஒரு யோசனை சொல்லுச்சு. அவங்க ஆபீஸ்ல அஞ்சு மிசின் இருக்குதாம். எது எப்பப் படுக்கும்னு தெரியாதாம். ஆனா அஞ்சும் பேசி வெச்சுக்கிட்டு ஒண்ணைத் தலைவனா ஆக்கிக்குமாம். அது படுத்துட்டா மிச்ச நாலும் சண்டையே போடாம இன்னொண்ணை எடுத்துக்குமாம். மிசினே செய்யுது, நாம மனுசங்கதானேன்னு சொல்லுச்சு. எல்லாரும் சரின்னுட்டோம். அங்கதான் தப்பு நடந்ததுன்னு நினைக்கிறேன். மிசினுக்கு ரோஷம் கிடையாது பாருங்க.

விதி இதுதான். பிளாக்குக்கு ஒருத்தர், மொத்தம் அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் ஒரு வாட்ஸப் குரூப்பு. தலைவரா இருக்கறவர் காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் குரூப்புல ஒரு வணக்கம் போடணும். வணக்கம் வந்தா ஆள் இருக்காருன்னு அர்த்தம். வரலைன்னா மத்தவங்க கொஞ்ச நேரம் காத்திருக்கணும். ஆளுக்கு ஒரு நேரம், சீட்டுக் குலுக்கி எடுத்தது. எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பிட்டா முட்டிக்குவாங்கன்னு அந்த ஏற்பாடு. யாருக்கு நேரம் முதல்ல முடியுதோ அவர், "ஆட்சி இத்தனை, நான் நிக்கிறேன், சம்மதமா"ன்னு கேக்கணும். ஒரு ஆட்சிக்கு ஒருத்தருக்குத்தான் சம்மதம் சொல்லலாம், மாத்தக் கூடாது. மூணு சம்மதம் சேந்தா அவர் தலைவர். ஆட்சி நம்பர் ஏறிக்கிட்டே போகும், இறங்காது.

தலைவர் போடற உத்தரவை அஞ்சு பேரும் ஆளுக்கொரு பச்சை நோட்டுல எழுதிக்கணும். மூணு நோட்டுல ஏறினாத்தான் உத்தரவு. அதுக்கு முன்னாடி அது வெறும் பேச்சு. காளியப்பன் கேட்டுல ஒரு சிலேட்டு மாட்டி, நடப்பு ஆட்சி நம்பரை எழுதி வெச்சிருப்பான். அதைவிடச் சின்ன நம்பர்ல எவன் வந்து என்ன சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு பவதாரிணி அவனுக்குச் சொல்லிக் குடுத்துருச்சு. எங்க அஞ்சு பேரையும் சேத்துப் பாத்தாலும் இந்த விதியை முழுசாப் புரிஞ்சுக்கிட்டது அவன் ஒருத்தன்தான்னு அந்தப் பொண்ணு பின்னாடி சொல்லுச்சு. என்னைத் தவிரன்னு சேத்துச் சொல்ல மறந்துருச்சு.

அஞ்சு பேர் யாருன்னா, ஏ பிளாக்குல பல் டாக்டர் ஜமீலா. பி பிளாக்கு பவதாரிணி. சி நானு. டி பிளாக்குல இன்னாசிமுத்து, காலேஜ்ல இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். ஈ பிளாக்குல மாணிக்கவாசகம்னு ஒருத்தர், கப்பல்ல இன்ஜினியர். வருஷத்துல எட்டு மாசம் நடுக்கடல். அவர் சம்மதம் கரைக்கு வந்து சேர சில சமயம் ஒன்பது நாளாகும்.

முதல் ஆட்சி எனக்கு வந்தது எப்படின்னா, நான் நாலரைக்கே எந்திரிக்கிறவன். தொடங்கின அன்னைக்கு மத்தவங்க பல்லு விளக்கறதுக்குள்ள நான் கேட்டுட்டேன். நாலு சம்மதம். கடல்லருந்து ஒண்ணு பிந்தி வந்துச்சு.

மூணு மாசம் தம்பி. ஒரு நாள் தவறல. ரோஜாப்பூப் போட்டு வணக்கம், சூரியன் உதிக்கிற படம் போட்டு வணக்கம். பவதாரிணி, "அங்கிள், ஒரு புள்ளி வெச்சாலே போதும்"னு சொல்லுச்சு. புள்ளி வெச்சா அது வணக்கமாங்க? குளிக்கப் போனாலும் போனைப் பாலித்தீன் பையில போட்டு எடுத்துட்டுப் போவேன். என் அக்கா பேத்தி கல்யாணம், முகூர்த்தம் சரியா ஆறு மணிக்கு. எல்லாரும் அட்சதை போடறாங்க, நான் ஒரு கையால போட்டுட்டு இன்னொரு கையால அனுப்பிட்டேன். வீடியோவுல பாத்தீங்கன்னா மாப்பிள்ளை தாலி கட்டறாரு, பின்னால நான் போனைப் பாத்துக் கும்பிட்டுட்டு நிக்கறேன். அக்காவுக்கு அதுல வருத்தம். பொறுப்புன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது.

அப்புறம் எங்க வீட்ல, மரகதத்துக்கு, கண்ணுல புரை. ஆபரேசன் தேதி குடுத்துட்டாங்க. திங்கட்கிழமை சாயங்காலம். ஆபரேசன் ரூம் தரைக்குக் கீழ, பொட்டுச் சிக்னல் இல்ல. அவளை உள்ள கூட்டிட்டுப் போகும்போது மணி அஞ்சே முக்கால். நான் என்ன பண்ணட்டும். மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போயி, ரெண்டு மயில் போட்ட வணக்கத்தைச் சரியா ஆறு மணிக்கு அனுப்பிச்சேன். திரும்பினா எவனோ கதவைப் பூட்டிட்டுப் போயிட்டான். தட்டித் தட்டி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் திறந்தாங்க. கீழ வந்து பாத்தா மரகதத்தை வெளிய கூட்டியாந்து உக்கார வெச்சிருக்காங்க. ஒரு கண்ணுல கட்டு. பக்கத்துல ஒரு ஆயாம்மா கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கா. எங்க போனீங்கன்னு அவ கேக்கலைங்க. "அனுப்பியாச்சா?"ன்னுதான் கேட்டா. அவ்வளவு பொறுப்பான பொம்பளை. அன்னைக்கு நான் பெருமைப்பட்டேன்.

ஆனா பாருங்க, அந்த வணக்கம் போகவே இல்ல. என் போனுக்கு ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு. திங்கட்கிழமை மத்தியானமே முடிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது. நான் அனுப்பிட்டே இருந்தேன். டிக்கு விழாது, ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் நிக்கும். எல்லாரும் படிக்கச் சோம்பல் படறாங்கன்னு நினைச்சேன். மூணு நாளாக் குரூப்புல யாரும் ஒண்ணும் எழுதல. நல்ல நிர்வாகம் நடந்தா குரூப்பு அமைதியாத்தான் இருக்கும்னு மரகதத்துக்கிட்டயே சொன்னேன். ஆபரேசனுக்கப்புறம் பக்கத்துல மக வீட்ல தங்கியிருந்தோம்.

இங்க என்ன நடந்திருக்கு? திங்கட்கிழமை ஆறு மணி வணக்கம் வரல. பேராசிரியருக்குச் சீட்டுல இருபது நிமிஷம். ஆறு இருபதுக்கு, "ஆட்சி 2, நான் நிக்கிறேன்"னு போட்டிருக்காரு. ஜமீலா சம்மதம், பவதாரிணி சம்மதம், அவரோடது ஒண்ணு. மூணு. முடிஞ்சது. காளியப்பன் சிலேட்டுல ஒண்ணை அழிச்சுட்டு ரெண்டு போட்டுட்டான். ஒருத்தராவது எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்களா? கேட்டிருக்காங்க. போன்தான் படுத்திருச்சே.

பேராசிரியர் முதல் உத்தரவா, வியாழக்கிழமை சம்ப்பை, தரைக்குக் கீழ இருக்கற தண்ணித் தொட்டியை, கழுவணும், தண்ணியெல்லாம் இறைச்சுரணும்னு போட்டிருக்காரு. மூணு நோட்டுல ஏறிடுச்சு. ஆனா அதே வியாழக்கிழமைக்கு நான் தண்ணி லாரிக்கு ஏற்கெனவே சொல்லி வெச்சிருந்தேன். ஒண்ணாம் ஆட்சி உத்தரவு.

வியாழக்கிழமை காலைல நாங்க ஆட்டோவுல வந்து இறங்கறோம். மரகதம் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கா. கேட்டுல லாரி நிக்குது, காளியப்பன் குறுக்க நிக்கறான். விடுறா வண்டியைன்னேன். அவன் சிலேட்டைக் காட்டினான்.

"உங்க நம்பர் ஒண்ணுங்கய்யா. ரெண்டு வந்துருச்சுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. எவன் எழுதினான்னு கேட்டேன். விதிங்கய்யான்னான். நானே அவனைத் தள்ளிட்டுக் கேட்டைத் திறந்தேன். லாரிக்காரன் உள்ள வந்தான். சம்ப்பு மூடி ஏற்கெனவே திறந்திருந்துச்சு. ஆகா, நம்ம உத்தரவுக்குத்தான் தயாரா வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். குழாயை உள்ள விடுன்னு கையைக் காட்டினேன்.

பேராசிரியர் உள்ள இருந்தாரு.

கழுவினது சுத்தமா இருக்குதான்னு பாக்க ஏணி வெச்சு இறங்கியிருக்காரு. வெள்ளை வேட்டி, கையில டார்ச்சு. தண்ணி கொட்டற சத்தத்துல அவர் கத்தினது எங்களுக்குக் கேக்கல. முதல்ல டார்ச்சு வெளிச்சம் மேல வந்துச்சு, அப்புறம் அவர் தலை வந்துச்சு. வழுக்கைல தண்ணி வழியுது. என்னைப் பாத்தாரு. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு.

"சென்னியப்பன் சார், இது எந்த ஆட்சி உத்தரவு?"

ஒண்ணுன்னேன். அவர் தும்மினாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஜமீலா டாக்டர் கிளினிக்குல கூட்டம். பல்லு பிடுங்கற நாற்காலியை எனக்குக் குடுத்தாங்க, மரியாதைக்கு. என் போனுக்கு ரீசார்ஜ் பண்ணி, அடைஞ்சு கிடந்த மெசேஜெல்லாம் கொட்டுச்சு. கூடவே கப்பல்லருந்து ஒண்ணு வந்துச்சு: "சென்னியப்பன் உத்தரவுக்குச் சம்மதம்." பாத்தீங்களான்னேன். நான் ஒண்ணு, கப்பல் ரெண்டு, மரகதம் மூணு. மூணு ஆச்சேன்னு கேட்டேன். பவதாரிணி பொறுமையாச் சொல்லுச்சு, கப்பல் சம்மதம் போன வாரம் போட்டது, முதல் ஆட்சி லாரி உத்தரவுக்கானது, அது செல்லாது, ஆன்ட்டிக்கு ஓட்டும் இல்லன்னு. தப்புப் பண்ணினவங்களைத் தண்டிக்க விதியில இடமே இல்லையாம். தன் நம்பரைவிடப் பெரிய நம்பரைப் பாத்தா, பேசாம இறங்கி உக்காந்துரணும், அவ்வளவுதானாம்.

நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். அந்தப் பொண்ணு சொன்னதையே நினைச்சுட்டு இருந்தேன். பெரிய நம்பரைப் பாத்தா இறங்கிரணும். அப்ப அவங்களும் இறங்கித்தானே ஆகணும்?

அடுத்த நாள் நாலரைக்கு எந்திரிச்சுப் போட்டேன். "ஆட்சி 3. நான் நிக்கிறேன். சம்மதமா?"

சீட்டு நேரமெல்லாம் காத்திருக்கல. தூங்கறவன்தான் காத்திருக்கணும். சம்மதம் ஒண்ணும் வரல, என்னோடதைத் தவிர. ஆனா பேராசிரியர் மூணைப் பாத்துட்டாரு. விதிப்படி இறங்கியாகணும். இறங்கினாரு. நேர்மையான மனுசன், அதைச் சொல்லணும். எட்டு மணிக்கு மேல அவங்க மூணு பேரும் கூடி, நாலாம் ஆட்சின்னு அவரையே மறுபடி உக்கார வெச்சாங்க. மறுநாள் நாலரைக்கு நான் அஞ்சு. அவங்க ஆறு. அதுக்கு மறுநாள் நான் ஏழு.

இப்படிப் பதினோரு நாளுங்க. காளியப்பன் சாக்பீஸ் ஒரு டப்பா கேட்டு வாங்கினான்.

தண்ணிதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. கழுவின சம்ப்புல மறுபடி நான் ஊத்தின தண்ணியும் அழுக்காயிருச்சுன்னு இறைச்சுட்டாங்க. லாரிக்குச் சொன்னா மறுநாள்தான் வரும். வர்றவன் கையில ஆறாம் ஆட்சிச் சீட்டு, கேட்டுல அதுக்குள்ள ஏழு. காளியப்பன் விட மாட்டான். அடுத்த லாரி எட்டாம் ஆட்சிச் சீட்டோட வரும், சிலேட்டுல ஒன்பது. நூத்தி அறுபது குடும்பமும் குடத்தைத் தூக்கிட்டு ரோட்டுல நின்னாங்க. ஜமீலா டாக்டர்கிட்ட வந்தவங்களுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்ல, பல்லு பிடுங்கினதும் இளநீர் குடுத்து அனுப்பிச்சாங்க. மூணாவது மாடியில ஒரு கைக்குழந்தைக்காரப் பொண்ணு அம்மா வீட்டுக்கே போயிருச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். என்னைத் தலைவரா ஒத்துக்கிட்டா மறுநாளே தண்ணி வந்திருக்கும். அவங்களுக்கு வீம்பு.

மரகதத்துக்குக் கண்ணுல புரை எடுத்தது இன்னும் ஆறல. கண்ணுக்கு நாலு வேளை சொட்டு மருந்து போடணும். காலை மருந்து நான் போடறதா பேச்சு. அந்த நேரம் நான் நம்பர் போட்டுட்டு, பதிலுக்குக் காத்துட்டு இருப்பேன். அவளே அண்ணாந்து, கண்ணாடியைப் பாத்துப் போட்டுக்குவா. பாதி கன்னத்துல வழியும். பழகிக்கிட்டா.

பன்னெண்டாம் நாள் காலைல வழக்கம்போல நாலரைக்கு, "ஆட்சி 25, நான் நிக்கிறேன்"னு அடிக்கிறேன், அடிக்க எடமே இல்ல. நீங்கள் இந்தக் குழுவில் இல்லைன்னு வருது. நெட்வொர்க் கோளாறுன்னு போனை அணைச்சு அணைச்சுப் போட்டேன். அணைச்சுப் போட்டாச் சரியாயிரும்னு பாத்தேன், ஆகல. ஆறரை இருக்கும், ஹாலுக்கு வந்தா மரகதம் சோபாவுல உக்காந்து, போனை மூக்குக்கிட்ட வெச்சு, எழுத்துக் கூட்டிக் கூட்டி அடிச்சுட்டு இருக்கா. யாருக்குன்னேன்.

"குரூப்புக்குங்க. நான் நிக்கிறேன்."

நடந்தது என்னன்னா, முந்தின நாள் சாயங்காலம் வீட்டுப் பத்திரத்தைப் பையில போட்டுக்கிட்டுக் கிளினிக்குக்குப் போயிருக்கா. அவ ராசின்னு வீட்டை அவ பேர்லதான் வாங்கினது. பிளாக்கு ஆள் வீட்டுச் சொந்தக்காரரா இருக்கணும்னு சங்க விதி. எங்க வீட்டுச் சொந்தக்காரர் யாருன்னு மூணு மாசமா ஒருத்தரும் கேக்கல, எனக்கும் தோணல. சி பிளாக்குக்கு இனி சென்னியப்பன் இல்ல, மரகதம்னு இருபத்தி நாலாம் ஆட்சியில உத்தரவு போட்டு, மூணு நோட்டுல ஏத்திட்டாங்க. பேராசிரியருக்கு அந்தச் சளி விடவே இல்ல, எனக்குப் போதும்னு மறுநாள் காலை வணக்கத்தை நிறுத்திட்டாரு. அவருக்கப்புறம் சீட்டு நேரம் முடிஞ்சது சி பிளாக்குக்கு. இவ நின்னா. நாலு சம்மதம். கடல்லருந்து அன்னைக்குன்னு பாத்து உடனே வந்துச்சாம், அஞ்சாவது.

எட்டரை மணிக்கு உத்தரவு, மறுநாள் லாரி. சீட்டுல இருபத்தஞ்சு, சிலேட்டுல இருபத்தஞ்சு. காளியப்பன் கேட்டை முழுசாத் திறந்தான். நூத்தி அறுபது வீட்டுலயும் குழாய் சத்தம். எங்க வீட்டுலயுந்தான்.

அதுல இருந்து அவதான். அஞ்சு மாசமாச்சு, சிலேட்டுல நம்பர் மாறல. ஆமாங்க, நீங்க கையெழுத்து வாங்க வந்திருக்கறது என் வீட்டுக்காரம்மாகிட்டத்தான். நான் சும்மா, ஆலோசனை சொல்ற எடத்துல இருக்கேன். கேட்டாச் சொல்வேன். இன்னும் கேக்கல.

ஒரு குறை மட்டும் எனக்கு. வணக்கம் போடத் தெரியல அவளுக்கு. பூவும் கிடையாது, சூரியனும் கிடையாது. காலைல ஆறு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே வார்த்தை. "இருக்கேன்." அவ்வளவுதான். அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிப்பா, கண்ணு இன்னும் சரியாப் புடிபடல பாருங்க. இ, ரு, க்-னு ஒவ்வொண்ணா. நான் உள்ள படுத்துட்டே கேப்பேன். குரூப்புலதான் நான் இல்ல, காது இருக்குதே.

போன வியாழக்கிழமை ஒரு சங்கதி நடந்துச்சு. காலைல ஆறடிச்சுது. ஹாலுலருந்து சத்தம் வரல. ஆறு ஒண்ணு. ஆறு ரெண்டு. சமையக்கட்டுலயும் சத்தம் இல்ல. நான் நினைச்சிருந்தா என்னென்னமோ நினைச்சிருக்கலாம். இதுதான் சமயம்னுகூட நினைச்சிருக்கலாம். ஏன்னு தெரியல, ஆட்சி நம்பர் எத்தனைங்கறதே மறந்து போச்சு. நாலாவது நிமிஷம் எந்திரிச்சுட்டேன். செருப்பு போடாம, வேட்டியைப் பிடிச்சுட்டு ஓடினேன்னுதான் சொல்லணும். பால்கனி நாற்காலில உக்காந்திருக்கா, தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு, போன் மடியில கிடக்கு. கையைத் தொட்டேன். சூடா இருந்துச்சு. ராத்திரி கண்ணு உறுத்தி விடியற வரைக்கும் தூங்கலையாம், அப்படியே அசந்துட்டா. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா.

"உங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே. எதுக்கு வந்தீங்க?"

அவ நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன் தம்பி. சொட்டு மருந்துக்கு நேரமாச்சுன்னேன்.